தண்ணீர்க் கணக்கில் எழுதாதது

மார்ச் 28, வியாழன்

காலை காபி அரை டம்ளர்.

எழுதி முடித்த பிறகுதான் யாருக்கு எழுதுகிறேன் என்று உறைத்தது. முந்தாநாள் கருமாதியே முடிந்துவிட்டது. கை பழகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

இரண்டு வருடமாக இதுதான் என் வேலை. வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த அன்று ஜெசிந்தா சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது, என்ன குடித்தாலும் எழுதி வையுங்கள் என்றார். நான் ஆறாவது வரை படித்தவள். முதலில் ஒரு வரி எழுத அரைமணி நேரம் ஆகும். மெடிக்கல் ஷாப் திருமூர்த்தி, மருந்துக் கம்பெனிக்காரர்கள் தரும் டைரியை எனக்குத் தந்துவிடுவார். காபி, மோர், ரசம், மாத்திரைக்குக் குடித்த மடக்கு, எல்லாம் எழுதுவேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சிஸ்டர் பார்த்து டிக் போடுவார்.

இனிமேல் எழுத அளவு இல்லை. டைரியில் டிசம்பர் வரை பக்கம் இருக்கிறது.

மார்ச் 29, வெள்ளி

டயாலிசிஸ் நாள். எழுந்ததும் அவர் சட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டேன். ஊசி போட வசதியாக இடது கையைப் பிரித்துப் பட்டன் வைத்துத் தைத்த சட்டை. மறுபடி மடித்து வைத்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

இன்றைக்குக் கடை போட்டேன். எங்களுடையது இளநீர் வண்டி. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் பதினெட்டு வருடமாக நிற்கிறது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு உள்ளே போகக் கூடாது என்று இரண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். முன்பெல்லாம் அவர் சீவுவார், நான் வீட்டில் இருப்பேன். டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்த பிறகு இடது கையால் கனம் தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அருவாளை நான் எடுத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "சாய்ச்சு வெட்டு, நேரா வெட்டாத" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைக்குப் போய் அந்தச் சீட்டைத் திருமூர்த்தியிடம் நீட்டினேன். அவர் போன அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு. எல்லாம் இங்கிலீஷ்.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"சர்ட்டிபிகேட்டுக்குங்களா அக்கா? ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன், இருங்க."

"சர்ட்டிபிகேட்டுக்கு இல்லீங்க. என்ன போட்டிருக்குதுன்னு தெரியோணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சி.கே.டி. ஸ்டேஜ் ஃபைவ் என்றால் கிட்னி முழுசாகப் போய்விட்டது. ஏ.வி. ஃபிஸ்துலா என்றால் கையில் தைத்த நரம்பு. கார்டியாக் அரெஸ்ட் என்றால் இதயம் நின்றுபோனது. கடைசியில் எக்ஸ்பயர்ட். அது எனக்கே தெரியும், மாத்திரை அட்டையில் பார்த்திருக்கிறேன்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் எண்ணத் தெரியும். நாலாவது வரியில் ஒரு நீளமான வார்த்தை இருக்கிறது. பக்கத்தில் 8.2 என்று போட்டிருக்கிறது. அவர் படிக்கிற வரைக்கும் கட்டைவிரலை அதன்மேலேயே வைத்திருந்தார்.

"இந்த எட்டுப் புள்ளி ரெண்டு என்னங்க?"

"அது ஏதோ டெஸ்ட் நம்பருங்க அக்கா. வண்டிகிட்ட ஆள் நிக்கறாங்க பாருங்க."

ஆள் யாரும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பார்த்துப் பார்த்து வரைந்தேன். பன்னிரண்டு எழுத்து. முதல் எழுத்து ஒரே படி வைத்த ஏணி மாதிரி. அவர் எதனால் போனார் என்பது இதில்தான் இருக்கிறது. நான் ஏதாவது செய்தேனா என்பதும் இதில் இருக்கும். அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

ஏப்ரல் 2, செவ்வாய்

மகள் சுகந்தி திருப்பூரிலிருந்து வந்தாள். பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை, இங்கிலீஷ் நன்றாகப் படிப்பாள். சாப்பிட்டு முடித்ததும் டைரியை நீட்டினேன். "ஹைபர்கலீமியா" என்று படித்தாள். போனில் எதையோ தட்டினாள். ரொம்ப நேரம் கீழே தள்ளித் தள்ளிப் படித்தாள்.

"என்ன கண்ணு?"

"உப்பும்மா. ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சுன்னு அர்த்தம்."

"ரெண்டு வருஷமா உப்பில்லாத சோறுதானே போட்டேன்."

"அப்பா சும்மா இருந்திருப்பாராக்கும். டீக்கடையில போண்டா கீண்டா தின்னிருப்பாரு. உடும்மா, போனவரு போயிட்டாரு, இனி வார்த்தையப் புடிச்சுட்டுத் தொங்கி என்ன ஆகப்போவுது."

பஸ் ஏறும்போது படியில் நின்றுகொண்டு, "நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள். நான் அதைக் கேட்கவே இல்லை.

ஏப்ரல் 3, புதன்

உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

ஒன்று எழுத வேண்டும். மாசி மகத்தன்று ரசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை என்று தட்டைத் தள்ளினார், பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அது பிப்ரவரியில். ஒரு சிட்டிகை உப்பு பதினைந்து நாள் காத்திருந்து ஆளை அடிக்குமா? திருமூர்த்தி இதயம் என்கிறார். சுகந்தி உப்பு என்கிறாள். அவருக்குக் கடைசியில் கால்தான் வலுவிழந்து போயிற்று. இதயம் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

வெயில் தாங்க முடியவில்லை. மதியத்துக்குள் நூறு காய் போய்விட்டது.

மஞ்சள் பையோடு ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரருக்குப் புதிதாக டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறதாம். "கிட்னிக்கு இது நல்லதுங்களா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லதுங்க, உடம்புச் சூட்டை அப்படியே எடுத்துரும்" என்றேன். எங்கள் வீட்டுக்காரர் எப்போதும் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்வதுதான். மூன்று வாங்கிக்கொண்டு போனார். அந்த அம்மா போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் இப்படித்தான் அந்தக் கேட்டுக்குள் முதல்முதலாகப் போனேன்.

ஏப்ரல் 8, திங்கள்

பால், அரை லிட்டர் வேண்டாம், கால் போதும் என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். கடைசியாக அந்தப் படியேறியது மார்ச் ஐந்தாம் தேதி. மிஷின்கள் ஓடுகிற சத்தம் அப்படியே இருந்தது. அவர் கட்டிலில் வேறு யாரோ.

ஜெசிந்தா சிஸ்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். சேர் இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். நான் டைரியைத் திறந்து ஓரத்தில் வரைந்ததைக் காட்டினேன்.

"இதுக்கு என்னங்க சிஸ்டர் அர்த்தம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க நெசத்தைச் சொல்லுங்க."

 சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு. அதுவும் ஒருவகை உப்புதான்க்கா, ஆனா நீங்க சோத்துல போடற உப்பு இல்ல. கிட்னி வேலை செஞ்சா யூரின்ல போயிடும். கிட்னி இல்லாதவங்களுக்கு ரத்தத்துலயே தங்கிடும். நாம மிஷின்ல போட்டு எடுக்கணும். அஞ்சு வரைக்கும் பரவால்ல. ஏறிச்சுன்னா கை கால் சோந்து போகும். எட்டுங்கறது இதயத்தையே நிறுத்திடும்."

இதயமும் உப்பும் காலும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டைக் காட்டி மிச்சத்தை மறைத்திருக்கிறார்கள்.

"அந்த உப்பு எதுலீங்க இருக்குது?"

சிஸ்டர் என் கையைப் பார்த்தார். இளநீர் மட்டைக் கறை எத்தனை தேய்த்தாலும் போகாது, நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"வாழைப்பழம், தக்காளி, கீரை. எல்லாத்தையும்விட இளநீர்லதான்க்கா. மொத நாளே அவர்கிட்ட சொல்லிட்டேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாருங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வந்திருந்தா தப்பிச்சிருப்பாரு. நான் போன்கூடப் பண்ணினேன். ஊருக்குப் போறோம் சிஸ்டர், செவ்வாய்க்கிழமை வந்துடறேன்னாரு."

"ஆமாங்க, போயிருந்தோம்."

நாங்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. மிஷின் ரிப்பேராம், வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். அன்று முழுக்க ஸ்டூலை வண்டி மறைவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

படியிறங்கும்போது மஞ்சள் பை அம்மா ஞாபகம் வந்தது. திரும்ப ஓடிப்போய்ச் சிஸ்டரைக் கேட்டேன். "பேர் தெரியாம யாருன்னுக்கா சொல்றது? புதுசா ஆறு பேர் சேந்திருக்காங்க" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன். இதுவரைக்கும் இல்லை என்றார்.

ஏப்ரல் 10, புதன்

கடை போடவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

கடை போடவில்லை. லோடு இறக்க வந்த டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் ராக்கியப்பன் அண்ணனுக்காகக் காத்திருந்தேன். இரண்டு வருடம் இவருக்குப் பக்கத்துக் கட்டில். நாலு மணிக்கு ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். திருமூர்த்தி கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஏம்மா கடை போடல? உள்ள எல்லாரும் கேக்கறாங்க. கேட்டைத் தொறந்தா அருவாச் சத்தம் கேக்கோணும், இல்லீன்னா ஆஸ்பத்திரி மாறி வந்துட்டமோன்னு இருக்குது."

"அண்ணா, அவருக்கு எளநி ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் பஞ்சைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி அழுத்தினார்.

"தெரியும். வார்டு பூராவும் தெரியும். எளநிக்காரனுக்கே எளநி ஆகாதுன்னு கேலி பண்ணுவோம். அவனும் சிரிப்பான்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"உன்கிட்டச் சொல்லவே கூடாதுன்னு எங்ககிட்ட ஆணை வாங்கியிருந்தான். என்ற பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா வர்றவங்களை எல்லாம் நிக்க வெச்சு உனக்குக் கிட்னியா காச்சலான்னு கேட்டுட்டு இருப்பா, அப்புறம் யாவாரம் ஆனாப்பலதான்னு சொல்லுவான். சொல்லிட்டு அவனே, ஆனா அவ கேக்கறதுதான் செரின்னும் சொல்லுவான்."

கேட்க வந்ததைக் கேட்டேன். "சாவோணும்னு எப்பவாச்சும் பேசினாருங்களா?"

ராக்கியப்பன் அண்ணன் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

"அந்தக் கட்டில்ல படுத்தா எல்லாரும் தெனமும் பேசறதுதாம்மா அது. நாலு மணி நேரம் பேசுவோம். அப்புறம் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவோம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது?

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. சுகந்தி போன் பண்ணினாள். "பழம் பூவெல்லாம் வெச்சுக் கும்பிட்டயாம்மா?" என்றாள். "உப்பு எதுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு" என்றேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம். நான் அழவில்லை. இனி எழுதிவிடலாம்.

மார்ச் பத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். சோறு போட்டு அவரை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வண்டிக்குப் போய், இரண்டு மணிக்குத் திரும்பி வந்தேன். ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார்.

"தெய்வா, எளநி இருக்குதா?" என்றார்.

கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இந்த இரண்டு வருடத்தில் அவர் இளநீரைத் தொட்டதே இல்லை. கேட்டால், வித்து வித்துச் சலித்துப் போச்சு என்பார். நானும் நம்பினேன். அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டி இரண்டு தெரு தள்ளித்தான், ஓடிப்போய் அதிலிருந்து செவ்விளநீர் இரண்டு எடுத்து வந்தேன். சாய்த்து வெட்டினேன்.

"பரவால்லியே, நல்லாச் சீவப் பழகிட்டியே" என்றார்.

ஸ்ட்ரா வேண்டாம் என்று தூக்கிக் குடித்தார். கழுத்தெல்லாம் வழிந்தது. இன்னொன்று என்றார். அதையும் வெட்டினேன். வழுக்கையை நான் ஓட்டில் சுரண்டிக் கொடுத்தேன். பாதியை எனக்கு ஊட்டினார்.

"எழுதோணுமா மாமா இதை?" என்று கேட்டேன்.

"எளநியெல்லாம் தண்ணில சேத்தியாடி? உடு" என்றார்.

சாயங்காலம் கால் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். தைலம் தேய்த்தேன். தைத்த கையில் ரத்தம் ஓடுகிற இரைச்சல் கேட்கும், காதை வைத்தால் தேனீக்கூடு மாதிரி. தினமும் தூங்கப் போகும்முன் காதை வைத்துக் கேட்பேன். அன்றைக்கும் இரைந்துகொண்டுதான் இருந்தது. விடிந்ததும் எழுந்து நிற்கப் போனவர் சரிந்தார். ஆட்டோவில் என் மடியில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் பார்த்தார்கள்.

அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே கேட்டார். சாகவா கேட்டார், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் போல இருந்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை மிஷினுக்குப் போய்விடலாம் என்று கேட்டாரா? செவ்வாய்க்கிழமை வந்துவிடுகிறேன் என்றுதானே சிஸ்டரிடம் சொன்னார். வெட்டியது நான். என் கையால்தான் குடித்தார். ஹைபர்கலீமியா என்று எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் எழுத இடம் இல்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

கடை போட்டேன்.

திருமூர்த்தியிடம் ஒரு அட்டை கேட்டேன். கொடுத்துவிட்டு, "அக்கா, அன்னைக்கு நான் மறைச்சது" என்று ஆரம்பித்தார். "விரலை எடுத்திருந்தாலும் எனக்குப் படிக்க வந்திருக்காதுங்க" என்றேன். அட்டையில் நானே எழுதினேன். கிட்னி நோய் உள்ளவர்களுக்கு இளநீர் கொடுக்கக் கூடாது. டாக்டரைக் கேட்டு வாங்கவும். கையெழுத்து தேவலைதான்.

"வண்டியிலயே இதை மாட்டினா யாருங்க அக்கா வாங்குவா?"

"காச்சல்காரங்க வாங்குவாங்க."

எழுதி மாட்டினாலும் எல்லாரும் படிப்பதில்லை. அதனால் வருகிறவர்களிடம் வாயாலும் கேட்டேன். ஒரு ஆள் வெயிலில் வந்த கடுப்பில், "எளநி விக்கறீங்களா, வெசாரணை பண்றீங்களா?" என்றான். "ரெண்டும்தாங்க" என்றேன். அவன் மாமியாருக்குக் கால் எலும்பு முறிவு. இரண்டு கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு மஞ்சள் பை அம்மா வந்தார். தூரத்தில் பார்த்ததும் அருவாளைக் கீழே வைத்துவிட்டேன். நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது.

"மூணு குடுங்க."

"உங்கூட்டுக்காரருக்குன்னா தர மாட்டேனுங்க. இது அவருக்கு ஆகாது. இதயத்தை நிறுத்திரும்."

"அன்னைக்கு நீங்கதானுங்களே ரொம்ப நல்லதுன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேனுங்க. அன்னைக்கு வாங்கிட்டுப் போனதை அவரு குடிச்சாருங்களா?"

"எங்கீங்க, பாக்க வந்த என்ற கொழுந்தனாரு மூணையும் குடிச்சுப்போட்டு ஏப்பம் விட்டுட்டுப் போயிட்டாரு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஸ்டூல். அந்த அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, அவரை ஜெசிந்தா சிஸ்டரிடம் அழைத்துப் போய், வீட்டுக்காரருக்கு ஆகாதது எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாங்கிக் கொடுத்தேன். "உங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?" என்று படியில் கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார் என்றேன்.

வீட்டுக்கு வந்து டைரியைப் பின்னால் புரட்டினேன். மார்ச் பத்தாம் தேதிப் பக்கம். காலை காபி அரை டம்ளர். மாத்திரைக்கு இரண்டு மடக்கு. மதியம் ரசம் ஒரு கரண்டி. அதோடு விட்டிருந்தது. சிஸ்டர் டிக் இல்லை.

கீழே எழுதினேன்.

மதியம் இரண்டு மணி. செவ்விளநீர் இரண்டு. வழுக்கை பாதி அவர், பாதி நான்.